கூலியின் நியாயம்

ஒருவருடைய ஒருநாள் உழைப்புக்கு எவ்வளவு கொடுத்தால் அது நியாயமான கூலி ஆகும் என்ற கேள்வியைப் பொருளியலுக்கு வெகுகாலம் முன்பே சமயங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. மலேசியாவில் அந்தக் கேள்வி இன்று பெரும்பாலும் 'ஆள் கிடைக்கவில்லை' என்ற முறையீடாகவே காதில் விழுகிறது. செம்பனைத் தோட்டங்கள் அப்படிச் சொல்கின்றன, காய்கறிப் பண்ணைகளும் நர்சரிகளும் சொல்கின்றன, கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிச் செல்லும் லாரி நிறுவனங்களும் சொல்கின்றன. அந்த முறையீட்டில் சொல்லாமல் விடப்படும் பாதி ஒன்று உண்டு. இந்தச் சம்பளத்துக்கு, இந்தத் தங்குமிடத்துக்கு, இந்த நிபந்தனைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதே முழு வாக்கியம். அப்படி முழுதாகச் சொல்லும்போது இரண்டு வினாக்கள் எழுகின்றன. தேவையும் வரத்தும் எங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றனவோ அங்கே நிற்கும் கூலிதான் நியாயமான கூலியா? வேலையை விட்டு விலக வழியில்லாத ஒருவர் ஒப்புக்கொண்ட சம்பளத்தை ஒப்பந்தம் என்று சொல்லலாமா?

கோலாலம்பூருக்கு வடமேற்கே உள்ள சுங்கை பூலோவின் வரலாற்றில் இவ்விரு வினாக்களும் நெடுங்காலமாகக் கலந்திருக்கின்றன. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பரிசோதனைத் தோட்டம் இங்கேதான் இருந்தது. அக்கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகம் மலேசியத் தோட்டங்களிலும் தாய்லாந்திலும் பரவியது. பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, விடிவதற்குள் மரத்தடிக்குப் போய்ப் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் கைகள் அந்த ஆராய்ச்சிக்குப் பின்னால் இருந்தன. 1930இல் தொழுநோயாளர் குடியிருப்பும் இங்கே திறக்கப்பட்டது. நோய் குணமான பிறகும் வெளியுலகம் ஏற்காத அம்மக்கள் செடி வளர்த்து விற்றுப் பிழைத்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் வீட்டுத் தோட்டங்களுக்கெல்லாம் செடி அனுப்பும் சுங்கை பூலோ நர்சரிகளின் தொடக்கம் அதுதான். பரிசோதனைத் தோட்டத்தின் சுமார் 2,300 ஏக்கர் நிலம் இன்று குவாசா டாமன்சாரா என்ற புது நகரமாகி வருகிறது. 2016 டிசம்பரில் எம்.ஆர்.டி. ரயில் சுங்கை பூலோவிலிருந்து புறப்பட்டபோது, பால் மரம் நின்ற மண்ணின் மதிப்பு ஏக்கர்க் கணக்கிலிருந்து சதுர அடிக் கணக்குக்கு மாறியிருந்தது. தோட்டங்கள் வீட்டுமனையானபோது அங்கிருந்த தமிழர்கள் வெளியேறினார்கள். எஞ்சிய தோட்ட வேலைக்கு இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் நேப்பாளியரும் வந்து சேர்ந்தார்கள். ஆட்கள் மாறினார்கள், ஆள் வரவழைக்கும் ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை.

அந்த ஏற்பாட்டுக்கு வயது நூறுக்கு மேல். மலாயாவில் பழைய ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டு, அதன் இடத்தை, தோட்டத்து மேஸ்திரியே ஊருக்குப் போய் ஆள் திரட்டிவரும் கங்காணி முறை முழுதாகப் பிடித்துக்கொண்டது. 1907இல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதிக்கு, இந்தியத் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் எல்லோரும் பணம் கட்டினார்கள். கப்பல் செலவை அந்த நிதி ஏற்றது. பார்க்கத் தாராளமாகத் தெரியும் இந்த ஏற்பாடு, ஆள் வரத்து வற்றாமலும் அதனால் கூலி ஏறாமலும் பார்த்துக்கொண்டது. 1930களின் ரப்பர் விலைச் சரிவில் கூலி வெட்டப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வி. எஸ். சீனிவாச சாஸ்திரி நேரில் வந்து பார்த்து 1937இல் அளித்த அறிக்கை, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்ற பழைய விகிதத்தைத் திரும்பக் கொடுக்கச் சொன்னது. மறு ஆண்டே விலை இறங்கியதும் தோட்டக்காரர்கள் மீண்டும் கூலியில் கைவைத்தார்கள். 1938இல் இந்திய அரசு, உதவித்தொகையுடன் கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது.

சந்தை தானே நியாயத்தைக் கொண்டுவரும் என்பது உண்மையானால் அதன் பிறகு கூலி மளமளவென்று ஏறியிருக்க வேண்டும். வரத்து அடைபட்டிருந்தது, உலகப் போரால் ரப்பருக்குத் தேவையும் பெருகியிருந்தது. இருந்தும் தோட்டத்துத் தமிழனின் கூலி சீனத் தொழிலாளி பெற்றதைவிடக் குறைவாகவே இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வும் சீனருக்கு இணையான சம்பளமும் இருந்தன. அவற்றோடு, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்பனவும் இருந்தன. நாதன் மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தார்கள். காசுக் கணக்கோடு சைக்கிளையும் அந்த மக்கள் ஒரே பட்டியலில் வைத்ததை மறக்கக் கூடாது. ஒரு மனிதனின் மதிப்பு எங்கெல்லாம் அளக்கப்படுகிறதோ அங்கெல்லாம் அவர்கள் கணக்குக் கேட்டார்கள்.

எண்பது ஆண்டுகள் கழித்து அதே காட்சி வேறு முகங்களோடு வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா கட்டுப்பாடுகள் தொடங்கியதும் அந்நியத் தொழிலாளர் வரவு நின்றது. 2021இல் செம்பனைத் துறையில் ஏறத்தாழ 75,000 பேர் குறைவு என்று தொழில்துறையினர் சொன்னார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் தோட்டங்களுக்கு 32,000 பேரைக் கொண்டுவர அரசு அனுமதித்தது. செம்பனையில் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை சுற்று வந்து குலை வெட்ட வேண்டும். சுற்று தவறினால் பழம் உதிர்ந்து மட்கும், எண்ணெயில் அமிலம் ஏறும், ஆலையில் விலை இறங்கும். 2022 மார்ச்சில் கச்சா பாமாயில் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. கண்ணெதிரே அந்த விலை நிற்கும்போதும் வெட்ட ஆளில்லாமல் குலைகள் மரத்திலேயே கிடந்தன. உள்ளூர்க்காரர்களை அழைத்துப் பார்த்தும் பலன் சொற்பமே. நீண்ட கம்பின் நுனியில் அரிவாள் கட்டி, தலைக்கு மேலே தொங்கும் குலையை நாள் முழுவதும் வெட்டி இறக்கும் வேலை அது. ஊரிலிருந்து விலகிய லைன் வீட்டில் தங்கி அந்த வேலையைச் செய்வதற்குக் கொடுக்கப்பட்ட சம்பளத்தை உள்ளூர் இளைஞன் ஏற்கவில்லை. அவன் நகரத்தில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்ப் பிழைக்கலாம். அந்த வழி அவனுக்குத் திறந்திருந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு அது திறந்திருக்கவில்லை. அவருடைய பெர்மிட்டில் முதலாளியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அவரை விட்டு நீங்கினால் பெர்மிட் செல்லாது, நாட்டில் இருப்பதே குற்றமாகிவிடும். விமானம் ஏறும் முன்பே ஏஜெண்டுகளுக்குக் கட்டக் கடன் வாங்கியவர் வெறுங்கையோடு ஊர் திரும்பவும் முடியாது. வங்கதேசத் தொழிலாளர் நுழைவுக்கு மலேசியா விதித்த கெடு 2024 மே 31இல் முடிந்தபோது, அனுமதி கிடைத்தும் விமானம் கிடைக்காமல் ஏறத்தாழ 17,000 பேர் வங்கதேசத்திலேயே நின்றுவிட்டார்கள். பலரும் நிலத்தை விற்றோ வட்டிக்கு வாங்கியோ பணம் கட்டியவர்கள். கடனும் பெர்மிட்டும் சேர்ந்தால் சுவரில்லாமலேயே ஓர் அடைப்பு உருவாகிவிடும். 2020இல் எஃப்.ஜி.வி., சைம் டார்பி பிளாண்டேஷன் ஆகிய நிறுவனங்களின் பாமாயிலை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது இதையொட்டித்தான். கட்டாய உழைப்புக்கு அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் வகுத்த அடையாளங்களில் கடன் பிணைப்பும் கடப்பிதழைப் பிடித்து வைப்பதும் இடம்பெறுகின்றன.

இதற்குப் பக்கத்திலேயே, ஒப்பிடத்தக்க இன்னொரு தொழில் இருக்கிறது. அதே செம்பனை எண்ணெயையும் அதே தொழிற்சாலைப் பொருள்களையும் கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் லாரிகளுக்கும் ஓட்டுநர் போதவில்லை. ஆனால் சரக்கு லாரி ஓட்டுவது உள்நாட்டினருக்கே என்பது நெடுநாள் கொள்கை. ஆகவே லாரிக்காரருக்கு விலகும் உரிமை இருக்கிறது. ஒரு நிறுவனம் சரியில்லையென்றால் அடுத்த நிறுவனத்துக்குப் போவார், சிங்கப்பூருக்குப் போவார், ஓட்டுவதையே விடுவார். முதலாளிகள் பேச்சுவார்த்தைக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். எனினும் இங்கேயும் சம்பளத்தின் பெரும்பகுதி டிரிப் கணக்கில் அமைவது ஒரு குறை. துறைமுக வாசலில் காத்திருக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி இல்லை; அந்த நேரத்தைச் சாலையில்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. கூலி அமையும் முறை தூக்கத்தையும் வேகத்தையும் தொடுகிறது. சாலையில் எதிரே வருபவரின் உயிரையும் தொடுகிறது. பிரிட்டனில் 2021இல் லாரி ஓட்டுநர் தட்டுப்பாடு வந்து பெட்ரோல் நிலையங்கள் வறண்டபோது அரசு 5,000 ஓட்டுநர்களுக்குச் சில மாதத் தற்காலிக விசா அறிவித்தது. பலர் வரவில்லை. பல நிறுவனங்கள் சம்பளத்தை உயர்த்தியே ஆள் பிடித்தன. ஆக, பற்றாக்குறை என்பது எண்ணிக்கைக் கணக்கு மட்டும் அல்ல. விலக முடிந்தவரின் பற்றாக்குறை சம்பளத்தைத் தூக்கும். விலக முடியாதவரின் பற்றாக்குறை இன்னும் அதிக பெர்மிட்டுக்கான மனுவாக முடியும்.

விலக முடியாதவரின் சம்மதம் சம்மதமாகாது என்பதைச் சமய மரபுகள் வெவ்வேறு வழியில் கண்டிருக்கின்றன. போப் பதின்மூன்றாம் லியோ 1891இல் வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடல், இருவரும் ஒப்புக்கொண்டார்கள் என்பதால் மட்டுமே கூலி நியாயமாகிவிடாது, வேறு வழியின்றி ஏற்றுக்கொள்பவர் வன்முறைக்கு ஆளானவரே என்று வாதிடுகிறது. இஸ்லாமில் கூலியின் நேரமே அறமாகிறது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது மலேசியாவில் மே தின உரைகளில் அடிக்கடி நினைவூட்டப்படும் நபிமொழி. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் இறைவனே வழக்காடுவான் என்பது இன்னொன்று. சம்பளத்தை இரண்டு மூன்று மாதம் நிறுத்தி வைக்கும் இடைத்தரகரை அந்த நாட்டின் பெரும்பான்மைச் சமயமே இப்படிக் கூண்டில் ஏற்றுகிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், கூலி பேசாமல் வேலைக்கு வைத்த உழவனுக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்கிறது. பேரம் இல்லாத இடத்திலும் உழைப்புக்கு விளைவில் உரிமை உண்டு என்பது அதன் அடித்தளம்.

திராட்சைத் தோட்டத்துக்குக் கடைசி மணிநேரத்தில் வந்தவனுக்கும் முழுநாள் கூலி கொடுத்த உவமை விவிலியத்தில் உண்டு. அன்று அவன் வீட்டிலும் அதே அளவு பசி இருந்தது. ஜான் ரஸ்கின் 1860இல் எழுதிய கட்டுரைகளுக்கு அந்த உவமையிலிருந்தே தலைப்பை எடுத்தார். ஆளுக்கு எவ்வளவு கிராக்கி என்று பார்க்காமலேயே கூலியை ஒழுங்குபடுத்த முடியும் என்று வாதிட்டார். அந்த நூலை 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் செல்லும் ரயிலில் காந்தி படித்தார். அதன் பிறகே ஃபீனிக்ஸ் பண்ணை பிறந்தது. ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்த தமிழர்களுக்கு நடுவே வாழ்ந்த காலத்தில் அந்த நூல் அவர் கைக்கு வந்தது.

தமிழ்ச் சைவத்துக்குள் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் பிட்டுக்கு மண் சுமந்த கதை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் அதை விரித்துச் சொல்கிறது. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நடித்துக் காட்டப்படுகிறது. வைகையில் வெள்ளம் வந்தது. கரையடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். வந்தி என்ற மூதாட்டி பிட்டு விற்றுப் பிழைப்பவள், அனுப்ப ஆளில்லாதவள். ஊரெல்லாம் கரையில் நிற்கும்போது கூலிக்கும் ஆள் எங்கிருந்து கிடைக்கும்? அவளுக்கு நேர்ந்ததும் ஆள் பற்றாக்குறைதான். அப்போது சொக்கநாதர் கூடையும் மண்வெட்டியும் எடுத்துக் கூலியாளாக வந்து நின்றார். உதிர்ந்த பிட்டெல்லாம் கூலி என்று பேசி முடிந்தது. அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தது. உண்டார், ஆடினார், உறங்கினார், வேலை செய்யவில்லை. பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அவன் முதுகிலும் அரசியின் முதுகிலும் அங்கிருந்த எல்லா உயிர்கள் மேலும் விழுந்தது.

இக்கதையை, பாண்டியனின் அமைச்சராயிருந்த மணிவாசகருக்காக இறைவன் செய்த லீலை என்றுதான் பக்தர்கள் கேட்பார்கள். அது சரியே. ஆனாலும் கூலியின் நியாயம் பற்றி அது சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. வந்தி ஏழை முதலாளி. தன்னால் எது கொடுக்க முடியுமோ அதை வேலைக்கு முன்பே சொன்னாள். சொன்னதில் ஒரு துகளும் பிடிக்காமல் கொடுத்தாள். அநீதி அவளிடம் இல்லை. ஆளுள்ள வீடென்றும் ஆளில்லாத வீடென்றும் பார்க்காமல் ஒரே பங்கைச் சுமத்திய அரசனிடமும், குறையைக் கண்டதும் கூலியாளின் முதுகைத் தேடிய அவனுடைய பிரம்பிலும் அது இருந்தது. சுங்கை பூலோவில் ஐந்தாறு பேரை வைத்து நர்சரி நடத்துபவர் பெரும்பாலும் வந்தியின் இடத்தில் இருப்பவர். செடியின் விலையை அவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. தோட்டக் காண்டிராக்டருக்கு மேலே தோட்ட நிறுவனம், அதற்கு மேலே எண்ணெய் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, எல்லோருக்கும் மேலே மலிவு விலையை எதிர்பார்க்கும் வாடிக்கையாளர். ஒவ்வொரு படியிலும் இறக்கப்பட்ட விலை கடைசியில் கீழே நிற்பவரின் சம்பளச் சீட்டில் வந்து விழுகிறது. சிறு முதலாளியால் கொடுக்க முடியாது என்பது பல நேரங்களில் உண்மை. ஆனால் அந்த உண்மை கூலியாளின் உரிமையைக் குறைப்பதில்லை. கொடுக்க வேண்டியவர் வேறொருவர் என்றே காட்டுகிறது.

இவற்றுக்கெல்லாம் எதிராகத் தோட்டங்களிலேயே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட ஒரு பதில் உண்டு. அவனவன் வினைப்படிதான் அவனவன் வாழ்வு. கூலியாளாகப் பிறந்தது முன்வினை. அதை மாற்ற யாரால் ஆகும்? துரைமார்களுக்கு வசதியான இந்தப் பதிலைக் கோயில் வாசலில் உட்கார்ந்து பெரியவர்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சைவ சித்தாந்தத்தை ஊன்றிப் பார்த்தால் இந்தப் பதில் நிற்காது. வினையைச் சித்தாந்தம் மூன்றாகப் பிரிக்கிறது: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவியில் நுகரும் பிராரத்தம், இப்போது செய்து ஏற்றிக்கொள்ளும் ஆகாமியம். கூலியாளின் வறுமை அவருடைய பிராரத்தம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த வறுமையைப் பயன்படுத்திக் கூலியைப் பிடிக்கும் முதலாளியின் செயல் அவருடைய ஆகாமியம். புதிய கணக்கு அவர் பெயரில் ஏறுகிறது. ஒருவர் துன்பத்துக்குக் காரணம் சொல்லும் கொள்கை இன்னொருவர் செய்யும் துன்பத்துக்கு மன்னிப்புச் சீட்டாகாது. உழவுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும் வறுமையை ஊழ் என்று சொல்லிக் கைகழுவவில்லை. இரப்பின் இழிவைப் பேசும் இடத்தில் அவருடைய கோபம் படைத்தவன் வரைக்கும் போகிறது.

மலேசியச் சட்டம் இந்தத் திசையில் மெல்ல நகர்ந்திருக்கிறது. 2013இல் குறைந்தபட்ச சம்பளம் முதன்முதலாக வந்தபோது தீபகற்பத்தில் அது 900 ரிங்கிட்; அந்நியத் தொழிலாளருக்கும் சேர்த்தே விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் அவர்களுக்காக அரசு விதிக்கும் லெவித் தொகையை அவர்கள் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்ள முதலாளிகளுக்கு அனுமதி கொடுத்து, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டார்கள். லெவியை முதலாளியே ஏற்க வேண்டும் என்பது 2018இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2022 மே மாதம் 1,500 ரிங்கிட்டாகவும் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாகவும் சம்பளம் உயர்ந்தது. வாரம் ஆறு நாள் வேலைக்கு அது நாளொன்றுக்கு 65 ரிங்கிட் 38 காசு. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருந்த முதலாளிகளுக்கு ஆகஸ்டு வரை அவகாசம் தரப்பட்டது. பல நர்சரிகளுக்கு அந்த ஆறு மாதமும் தேவைப்பட்டிருக்கும்.

2025 அக்டோபர் முதல் அந்நியத் தொழிலாளருக்கும் சேமநிதி கட்டாயமாயிற்று. முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. உள்நாட்டுத் தொழிலாளிக்கு முதலாளி கட்டுவது 12 அல்லது 13 விழுக்காடு. ஒரே தொட்டியை ஒரே நாளில் இருவர் சுமந்தால் இருவருடைய முதுமைக்கும் சேரும் பணத்தில் இந்த இடைவெளி இருக்கும். தற்காலிகமாக வந்து போகிறவர்கள்தானே என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். 1941இல் சீனருக்கு இணையான கூலி கேட்ட தமிழர்களுக்கும், ஊருக்குத் திரும்பப் போகிறவர்கள், செலவு குறைந்தவர்கள் என்றுதான் பதில் சொல்லப்பட்டது. முதுமையும் நோயும் எந்த நாட்டில் வந்தாலும் ஒரே செலவைத்தான் கேட்கும். வீட்டுப் பணியாளர்கள் குறைந்தபட்ச சம்பள ஆணைக்கு இன்னும் வெளியே நிற்கிறார்கள். முதலாளியை மாற்றும் உரிமை பெர்மிட்டில் இன்னும் எழுதப்படவில்லை. அது எழுதப்படாதவரை, தோட்டத்திலும் நர்சரியிலும் பேசப்படும் சம்பளத்தைப் பேரம் என்று சொல்ல முடியாது.